பால்ரூமும் கஞ்சித்தொட்டியும்

ஆகஸ்ட் 22 நெருங்கினால் மெட்ராஸைப் பற்றிய கட்டுரைகள் வரிசை கட்டி வந்துவிடும். அதில் ஒன்று தவறாமல் பழைய ஹோட்டல்களைப் பற்றியதாக இருக்கும். மவுண்ட் ரோடு, ஒரு கறுப்பு வெள்ளைப் படம், முகப்பில் காத்திருக்கும் குதிரைவண்டி, உள்ளே பியானோ, பில்லியர்ட்ஸ் மேஜை, சனிக்கிழமை ராத்திரி நடனம், ஐஸ் போட்ட கிளாஸ். பத்து வருஷமாக இந்த வகை எழுத்தை விடாமல் படித்து வருகிறேன். இப்போது அதன் மீது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

வழக்குக்கு முன்னால் பாராட்டு. எஸ். முத்தையா 1981-இல் மெட்ராஸைப் பற்றிய தன் முதல் புத்தகத்தைப் போட்டபோது இந்த ஊரின் கட்டடங்களைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் சொற்பம். 2019-இல் அவர் இறக்கும்வரை வாராவாரம் எழுதியதைப் படித்துத்தான் என்னைப் போன்ற இன்ஜினியரிங் கும்பல் தெருவை அண்ணாந்து பார்க்கப் பழகியது. அந்த வகை எழுத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்து மவுண்ட் ரோட்டில் மிட்டாய், கேக், விருந்துச் சாப்பாடு என்று தொழில் தொடங்கி, ஹோட்டல் கட்டி, அதில் லிஃப்ட் வைத்தவர். அதோடு நிற்காமல் 1910-இல் ஒரு விமானத்தைத் தானே வடிவமைத்து, சிம்சன் கம்பெனியில் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்கும் காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு சமையல்காரர் மெட்ராஸில் விமானம் ஓட்டுகிறார்! ஹோட்டல்காரன் வேலை சோறு போடுவது மட்டுமல்ல, வேடிக்கை காட்டுவதும்தான் என்று புரிந்துகொண்ட மனுஷன். சும்மா சொல்லக்கூடாது, இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை.

ஆனால் அந்த விமானத்தைச் செய்த சிம்சன் பட்டறைக்காரர்களில் ஒருவர் பெயராவது இந்தக் கட்டுரைகளில் வந்து நான் பார்த்ததில்லை. ஹோட்டலுக்குள்ளும் இதே கதைதான். விருந்து பரிமாறப்பட்டது, இசை வாசிக்கப்பட்டது, அறைகள் அலங்கரிக்கப்பட்டன. எல்லாம் செயப்பாட்டு வினை. செய்தவன் இல்லாமலே செயல் நடந்துவிடுகிறது. எங்கள் தொழிலில் 'யூசர் ஸ்டோரி' என்று ஒன்று எழுதுவோம்: பயனர் இன்னது செய்வார், மென்பொருள் இன்னது தரும். நடுராத்திரி சர்வர் விழுந்தால் எழுந்து உட்காருகிற ஆளுக்கு அந்தக் கதையில் இடமே கிடையாது. மெட்ராஸ் ஹோட்டல் கட்டுரைகள் எனக்கு அப்படித்தான் தெரிகின்றன. விருந்தாளியின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை.

கன்னிமாராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1854-இல் இம்பீரியல் ஹோட்டல் என்று தொடங்கியவர் ரத்தினவேலு முதலியார். 1886-இல் அதைக் குத்தகைக்கு எடுத்து ஆல்பனி என்று பெயர் மாற்றியவர்களும் முதலியார் சகோதரர்களே. 1890-இல் அது கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயருக்கு மாறியது. மறுவருஷம் ஸ்பென்சர்ஸ் முதலாளி ஓக்‌ஷாட் கைக்குப் போனது. கட்டுரைகள் சூடு பிடிப்பது கன்னிமாரா பிரபுவின் மனைவி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஹோட்டலில் வந்து தங்கினாரா இல்லையா என்ற இடத்தில். ஒரு தமிழ் முதலியாருக்கு 1854-இல் வெள்ளைக்காரனுக்குப் படுக்கை போடும் தொழிலில் காசு உண்டு என்று எப்படித் தோன்றியது? கடல் தாண்டினாலே தீட்டு என்ற காலத்தில் மாட்டிறைச்சியும் ஒயினும் புழங்கும் இடத்தை ஒரு சைவ வேளாளர் வீட்டு ஆள் எப்படி நடத்தினார்? யாரை வைத்துச் சமைத்தார்? இவை முதல் பத்தியோடு முடிந்துவிடுகின்றன.

இனி வடக்கே வருகிறேன். நான் திருவொற்றியூர்க்காரன். வடக்கிலிருந்து பார்த்தால் மவுண்ட் ரோடு ஹோட்டல் வேறு மாதிரி தெரியும்.

மெட்ராஸுக்குத் துறைமுகம் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முன் கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கவர்னரானாலும் ஒயின் பெட்டியானாலும், 1842-இல் ஐஸ் ஹவுஸ் கட்டிய பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியானாலும் இதே வழிதான். மவுண்ட் ரோடு கிளாஸில் சலசலத்த ஐஸுக்கு முன்னால் ஒரு படகோட்டியின் தோள் இருந்தது. அந்தப் படகுக்காரர்கள் தங்கள் கூலியில் சேர்த்த பணத்தில் எழுந்ததுதான் ராயபுரம் புனித பேதுரு கோயில். பேதுரு தமிழில் ராயப்பர். ஊர்ப் பெயருக்கும் அவரையே காரணம் சொல்கிறார்கள்.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டதும் ராயபுரத்திலிருந்துதான். கப்பல் இந்தப் பக்கம், ரயில் இந்தப் பக்கம். நியாயமாகப் பார்த்தால் ஊரின் பெரிய ஹோட்டல்கள் ராயபுரத்தில் வந்திருக்க வேண்டும். பம்பாயில், கொழும்பில், சிங்கப்பூரில் துறைமுகத்தை ஒட்டித்தான் தாஜும் கால் ஃபேஸும் ராஃபிள்ஸும் வந்தன. மெட்ராஸில் மட்டும் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியேறியபோது தெற்கிலும் மேற்கிலும் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டு போனார்கள். கடைகள் அவர்கள் பின்னால் போயின, ஹோட்டல்கள் கடைகளின் பின்னால் போயின. கேளிக்கை அதற்கும் முன்னாலேயே போய்விட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் 'பாந்தியன்' என்ற கூடம் இருந்தது. நடனம், நாடகம், விருந்து எல்லாம் அங்கேதான். இன்றைய அருங்காட்சியக வளாகம் அந்த இடம். கூடம் போய்ப் பாந்தியன் சாலை மிஞ்சியது. ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், பாதிப்பேர் அதைப் பாண்டியன் சாலை என்பார்கள். மதுரை ராஜாவுக்கு எழும்பூரில் எதிர்பாராத ஒரு சொத்து.

அதே காலத்தில் வடக்கே என்ன இருந்தது? 1782-இல், ஹைதர் அலி போரும் பஞ்சமும் சேர்ந்து அடித்தபோது, ராயபுரத்தில் பஞ்சை பராரிகளுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு இடம் திறந்தார்கள். அது மணியக்காரர் சத்திரம் ஆனது. சத்திரத்தை ஒட்டி மருத்துவமனை வந்தது, அதுவே பின்னாளில் ஸ்டான்லி ஆனது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஸ்டான்லி என்று சொல்லமாட்டார்கள், கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். இங்கிலீஷில் ஹோட்டலும் ஹாஸ்பிடலும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்த சொற்கள், இரண்டுக்கும் அடியில் இருப்பது விருந்தோம்பல். மெட்ராஸ் அந்த வேரை இரண்டாகப் பிளந்து பால்ரூமை எழும்பூருக்கும் கஞ்சித்தொட்டியை ராயபுரத்துக்கும் கொடுத்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய மெட்ராஸ் கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை. ஹோட்டல் ஒரு பகுதியில் வரும், தர்மம் இன்னொரு பகுதியில் வரும்.

வடக்கில் உல்லாசமே இல்லை என்றும் சொல்ல முடியாது. எண்ணூர் ஒரு காலத்தில் மெட்ராஸ் வெள்ளைக்காரர்களின் காற்று வாங்கும் ஊர். 1806-இல் காக்ரேன் வெட்டிய கால்வாய் மெட்ராஸை எண்ணூரோடு சேர்த்தது. அதுதான் பிறகு பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியானது. சரக்குக்கான கால்வாயில் உல்லாசப் பயணிகளும் போகலாம்தானே. பங்களாக்கள் இருந்தன, ஆற்றுவாயில் படகு விடுவதும் மீன் தின்பதும் நடந்தன. பாரம்பரிய எழுத்தில் இதற்கு ஒரு வரி கிடைக்கும்: எண்ணூர் அன்று அழகாக இருந்தது. அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. அழகாக இருந்தது யாருக்கு என்று அது சொல்வதில்லை, அழகு எப்படிப் போனது என்றும் சொல்வதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் ஆற்றுவாய் முழுக்க எண்ணெய் படர்ந்தது. வலை, படகு, அலையாத்தி வேர், மனுஷர்கள் கை கால் எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு ஊரை முதலில் விளையாட்டு இடமாகவும் பிறகு குப்பைத்தொட்டியாகவும் பார்க்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே குடியிருந்தவர்கள் இரண்டு முறையும் கணக்கில் வரவில்லை. ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் முதல் கணக்கைத் திருத்தாமல் இரண்டாவதுக்கு வருத்தப்படுகிறார்கள்.

இந்த விஷயத்தில் கட்டுரைகளைவிட நம் பேச்சுமொழி நேர்மையானது. கவனித்துப் பாருங்கள். காலனி காலத்துக் கேளிக்கை இடங்களின் பெயர்களையெல்லாம் தமிழ் எடுத்துக்கொண்டது, ஆனால் கேளிக்கையை உருவிப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டது. 'கிளப்' என்றால் வெள்ளைக்காரனுக்குக் குடி, சீட்டு, பில்லியர்ட்ஸ். நமக்குக் காபி கிளப். "கிளப்புக்கடைல ரெண்டு இட்லி வாங்கினு வா நைனா" என்று என் ஆயா அனுப்புவாள். 'மெஸ்' பட்டாள அதிகாரிகள் வெள்ளிக் கரண்டியோடு உட்கார்ந்த இடம். நமக்கு மாதக்கணக்கில் டோக்கன் வாங்கிச் சாப்பிடும் இடம். ஆட்டுக்கறியும் மீனும் கிடைத்தால் மிலிட்டரி ஹோட்டல், அதில் மிலிட்டரியைத் தவிர எல்லாம் உண்டு. கடைசியில் 'ஹோட்டல்' என்ற சொல்லே தன் படுக்கையை இழந்தது. தங்க வேண்டுமென்றால் லாட்ஜுக்குப் போ. ராயபுரத்துப் பார்ஸி கோயிலைக் கட்டியவர்களின் குடும்பப் பெயர் கிளப்வாலா. அந்தத் தெருவில் நடந்து போகும்போதெல்லாம் இந்தச் சொல் எத்தனை பேர் வீட்டு வாசலில் எத்தனை வேஷம் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஏன் சாப்பாடு மட்டும் மிஞ்சியது? நாம் உள்ளே போன வழி அடுப்படி வழி என்பது என் ஊகம். பட்லராக, சமையல்காரராக, எடுபிடியாகப் போனவர் அங்கிருந்து கொண்டுவர முடிந்தது சமையலும் சில சொற்களும். நடனத்தைக் கொண்டுவந்து என்ன செய்வது?

இந்தப் பிளவைத் தமிழில் மிகக் கூர்மையாகப் பார்த்தவர் புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943-இல் வந்தது. அதைக் கடவுளைக் கிண்டல் செய்த கதையாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். அது ஹோட்டலும் கேளிக்கையும் பற்றிய கதை என்றும் நான் சொல்வேன். பிராட்வே எஸ்பிளனேடு மூலையில் நின்று, கையில் இருக்கும் சில்லறைக்கு டிராமா காபியா என்று கணக்குப் போடுகிறார் பிள்ளை. கடவுள் வந்து சேர்கிறார். இரண்டு பேரும் ஹோட்டலில் காபி சாப்பிடுகிறார்கள். கடவுள் நீட்டும் நூறு ரூபாய் நோட்டால் கல்லாவில் சந்தேகம் வருகிறது, ஆனால் காபி கிடைக்காமல் போவதில்லை. கடைசியில் அதே கடவுள் தேவியோடு நடனமாடிக் காட்டுகிறார், கலை தெரிந்த பெரிய மனிதர் முன்னால். அது கலையில்லை என்று தள்ளப்படுகிறது. தாண்டவத்தைக் கண்டுபிடித்தவனே ஆடிஷனில் தோற்கிறான்.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்தால் காலனி நகரத்தின் சட்டம் தெரிகிறது. பால்ரூமில் தின்பதும் ஆடுவதும் ஒரே கூரையின் கீழ். நம்மிடம் அவை பிரிந்துவிட்டன. காபி ஹோட்டலில் காசிருந்தால் யாரும் உட்காரலாம், கடவுளே ஆனாலும் நோட்டைக் காட்டினால் போதும். ஆடுவதற்கு மட்டும் ஒருவர் அனுமதிக்க வேண்டும். சோறு சந்தைக்குப் போயிற்று, கலை சபாவுக்குப் போயிற்று.

காசிருந்தால் யாரும் என்பதிலும் ஓட்டை உண்டு, அதைக் கதை தொடவில்லை. அன்று பல ஹோட்டல்களில் சாதி பார்த்து இலை போட்டார்கள். ரயில்வே உணவுக்கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம் என்ற வழக்கம் சுயமரியாதைக்காரர்கள் போராடி 1941-இல்தான் ஒழிந்தது. பிள்ளை போய்ச் சேரும் அதே திருவல்லிக்கேணியில், கதை வந்து பதினாலு வருஷம் கழித்து, முரளி கபே பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-இல் பெரியார் இயக்கத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். பிள்ளைவாள் எளிதாக நுழைந்த கதவு எல்லோருக்கும் அத்தனை எளிதாகத் திறக்கவில்லை. இதைக் குறை என்று சொல்லமாட்டேன், ஒரு சிறுகதை எல்லாக் கதவையும் தட்ட முடியாது. ஆனால் அந்த மூலையில் நின்று பார்த்தால் வடக்கே தங்கசாலை, ராயபுரம், துறைமுகம். பிள்ளை தெற்கே போகிறார். அவர் பின்னாலேயே தமிழ்ச் சிறுகதையின் ஹோட்டல்களில் பெரும்பாலானவையும் தெற்கே போய்விட்டன.

வடக்கே போயிருந்தால் அவர் பார்த்திருக்கக்கூடியது வேறு. தங்கசாலையில் ரகுபதி வெங்கையா கட்டிய கிரவுன் தியேட்டர். வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகை. அப்புறம் குத்துச்சண்டை. கப்பலிலும் பட்டாளத்திலும் வந்த வெள்ளைக்காரர்களிடமிருந்தும் ஆங்கிலோ இந்தியர்களிடமிருந்தும் துறைமுகத் தொழிலாளிகள் கற்றுக்கொண்ட ஆட்டம். பால்ரூமுக்குள் விடப்படாதவர்கள் வெள்ளைக்காரனின் இன்னொரு கேளிக்கையைக் கைப்பற்றி, அதற்குப் 'பரம்பரை' என்று பெயர் வைத்தார்கள். கிரிக்கெட்டும் பில்லியர்ட்ஸும் கிளப்பில் உறுப்பினராக இருந்தால்தான். குத்துச்சண்டைக்கு இரண்டு கை போதும். நாட் டெர்ரியோடு மோதிய கித்தேரி முத்துவின் பெயர் ராயபுரம் பக்கம் இன்னும் சொல்லப்படுவது அதனால்தான். சபா அனுமதி தேவைப்படாத மேடை அது.

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021-இல் இதைத் திரைக்குக் கொண்டுவந்தபோது எங்கள் தெருவில் திருவிழா. வடசென்னை என்றாலே கத்தி என்றிருந்த சினிமாவில், ரசிக்கத் தெரிந்த ஒரு கூட்டத்தை அது காட்டியது. ஒரு குத்து எங்கே விழுந்தது, கால் எப்படி நகர்ந்தது என்று விவாதிக்கும் ஜனங்கள். டான்ஸிங் ரோஸ் வளையத்துக்குள் ஆடும்போது பால்ரூமே அங்கே வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அடியும் நடனமும் ஒன்றாகிற அந்தச் சில நிமிஷங்களில் புதுமைப்பித்தன் காட்டிய பிளவு மூடிக்கொள்கிறது. இந்தக் கடவுள் ஆடிஷனில் தோற்கவில்லை, ஜனங்கள் கைதட்டிவிட்டார்கள்.

படத்தின் இரண்டாம் பாதியில் கபிலன் கள்ளச்சாராயத்தில் விழுகிறான். அதைத் தனிமனித வீழ்ச்சியாகப் படம் சுருக்கிக்கொண்டது எனக்கு ஏமாற்றம். மெட்ராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948-இல். பெரிய ஹோட்டல்களில் வெளிநாட்டவருக்கு பெர்மிட் இருந்தது. காலனி ஹோட்டலின் பார் சுதந்திரத்துக்குப் பிறகும் ஒரு காகிதத்தின் பலத்தில் உயிரோடு இருந்தது. துறைமுகத் தொழிலாளி அதே வேலையைச் செய்தால் குற்றவாளி. 1971-இல் கடைகளைத் திறந்து 1974-இல் மூடினார்கள். படம் நடக்கும் காலம் அதற்கு அடுத்த வருஷங்கள். யாருடைய குடி கேளிக்கை, யாருடைய குடி கேஸ் என்ற கேள்வி கதைக்குள்ளேயே கிடந்தது, படம் அதை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் எடுக்கவில்லை. வளையம் ஆண்களுடையது. வடக்கின் உண்மையான ஹோட்டல்காரர்கள் பெண்கள்: வாசலில் அடுப்பு வைத்து விடியற்காலை ஆப்பமும் இட்லியும் சுட்டு, ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு மந்தார இலையில் கட்டிக்கொடுத்த ஆயாக்கள். போர்டு கிடையாது, பெயர் கிடையாது, கணக்கு நோட்டு மட்டும் உண்டு. அதில் கடன்காரர்கள் பெயர் இருக்கும், கடைக்காரி பெயர் இருக்காது. பாரம்பரிய எழுத்து டி ஆஞ்செலிஸின் லிஃப்டைக் கொண்டாடுகிறது, ரஞ்சித்தின் படம் ரங்கன் வாத்தியாரைக் கொண்டாடுகிறது. ஆப்பக்கடைக்குத் தமிழில் இன்னும் ஒரு நல்ல வரலாறு எழுதப்படவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2014 ஜூலை நினைவிருக்கும். சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு வேட்டி கட்டிக்கொண்டு போன உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதைத் தடுக்கச் சட்டமன்றம் சட்டமே போட்டது. நீதிபதி என்பதால் சட்டம் வந்தது. என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஓ.எம்.ஆரில் நட்சத்திர ஹோட்டல்களில் டீம் டின்னர் போட்டுக்கொள்கிறார்கள். டி.ஜே. உண்டு, ஆட்டம் உண்டு, பஃபே உண்டு. தின்பதும் ஆடுவதும் மறுபடியும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன, நாங்களும் இப்போது உள்ளே இருக்கிறோம். போன தடவை எனக்கு நூடுல்ஸ் கிளறிக் கொடுத்த தம்பி எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். "காலடிப்பேட்டை சார்" என்றார். எங்கள் வீட்டிலிருந்து மூணு தெரு. கடைசி ரயில் போய்விட்டால் என்ன செய்வார் என்று கேட்பதற்குள் பின்னாலிருந்தவர்கள் தட்டை நீட்டிவிட்டார்கள்.

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே சாயந்தரம் அத்தோ வண்டிகள் நிற்கும். 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், புளிக்கரைசல், வறுத்த வெங்காயம், மேலே ஒரு முட்டை, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். நாற்காலி கிடையாது. துறைமுகக் கிளார்க்கும் லாரி கிளீனரும் ஹைகோர்ட் வக்கீலும் நின்றபடிக்குச் சாப்பிடுகிறார்கள். வண்டிக்காரர் ரேடியோவில் பழைய பாட்டு வைத்திருப்பார், சத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.